கம்பளிச் சட்டைக்குள் இரண்டு கடன்கள்: ஒரு பின்னிஷ் சொல் பிறந்த கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் 'கடலோர வில்லா விற்பனைக்கு' என்ற பலகைகள் வரிசையாக நிற்கும். பின்னிஷ் மொழி பேசும் ஒருவர் அந்தப் பலகையைத் தன் தாய்மொழியில் எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கடலோரக் கம்பளி விற்பனைக்கு' என்று பொருள் வரும். ரோம எழுத்தில் ஒரு புள்ளி மாறாமல் அதே ஐந்து எழுத்துகள்தான். அவர்கள் ஊரில் 'வில்லா' என்றால் ஆட்டுக் கம்பளி.

பனிக்காலத்தில் அவர்கள் போட்டுக்கொள்ளும் கம்பளி ஸ்வெட்டருக்குப் பெயர் 'வில்லாபைத்தா'. பிரித்தால் வில்லா + பைத்தா, அதாவது கம்பளி + சட்டை. நாம் கம்பளிச் சட்டை என்று சேர்த்துச் சொல்வதைப் போலத்தான். பின்லாந்து என்றதும் பனியும் கம்பளியும் நினைவுக்கு வரும். ஆகவே இந்தச் சொல் அந்த மண்ணிலேயே முளைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். முளைக்கவில்லை. இரண்டு பாதியும் இரண்டு வெவ்வேறு அண்டை வீடுகளிலிருந்து வாங்கியவை.

இது எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லின் பிறப்பைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் டீக்கடைப் பேச்சு போல ஆகிவிட்டது. காதுக்கு ஒன்றாகக் கேட்டால் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். நமக்கு எந்த மானப் பிரச்சினையும் இல்லாத ஒரு தூரத்து ஸ்வெட்டரை வைத்து அந்த முறையைப் பார்த்தால், கோபம் வராமல் விஷயம் புரியும்.

(எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னிஷில் 'வில்லா', 'பைத்தா' இரண்டின் கடைசி 'அ'வும் குறில்தான். தமிழில் வாசிக்க வசதியாக நெடிலாக எழுதுகிறேன். 'பைத்தா'வில் த் இரட்டிக்காது. ஆனால் 'பைதா' என்று எழுதினால் நாம் மெல்லிய ஒலியில் வாசிப்போம், அதனால் இப்படி. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.)

காது சொல்லும் சாட்சி

முதலில் காதை நம்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தமிழில் இந்த மொழியைப் 'பின்னிய மொழி' என்றும் எழுதுகிறார்கள். கம்பளி பின்னுகிறவர்கள், ஆகவே பின்னியர், ஆகவே பின்லாந்து! எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த மக்கள் தங்கள் நாட்டைச் 'சுவோமி' என்கிறார்கள். 'பின்' என்பது அயலார் வைத்த பெயர். நம் 'பின்னு' என்ற வினைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இப்படி ஒலியின் சாயலை மட்டும் வைத்துச் சொல்லுக்குக் கதை கட்டுவதை மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். சான்றுகளை வைத்துச் சொல்லின் வரலாற்றைத் தேடுவது சொற்பிறப்பியல். முதலாவது பாட்டி கதை மாதிரி, கேட்கச் சுகமாக இருக்கும். இரண்டாவது கிராம நிர்வாக அலுவலகத்தில் பட்டா, சிட்டா புரட்டுகிற வேலை.

கடற்கரைச் சாலை வில்லாவையே எடுத்துக்கொள்வோம். அது லத்தீனில் பண்ணை வீட்டைக் குறித்த சொல். குடியிருப்பு, தெரு என்று பொருள்படும் 'வீக்கஸ்' என்ற லத்தீன் சொல்லோடு உறவுள்ளது. நடுவில் இருந்த க் ஒலி தேய்ந்து 'வில்லா' ஆனது. கம்பளி வில்லாவின் கதை முற்றிலும் வேறு. அதில் தேய்ந்தது ன். இரண்டு வேறு ஊர்களிலிருந்து கிளம்பிய இரண்டு பேர் ஒரே நிறச் சட்டையில் ஒரே பஸ்ஸில் ஏறியதைப் போன்ற தற்செயல் இது.

இன்னொரு பொறி. கம்பளிக்கு லிதுவேனிய மொழியில் 'வில்னா'. லிதுவேனியாவின் தலைநகர் வில்னியூஸ். அப்படியானால் வில்னியூஸ் கம்பளி நகரமா? இல்லை. அங்கே ஓடும் வில்னியா என்ற ஆற்றின் பெயரால் ஊர் பெயர் பெற்றது. அந்த ஆற்றுப் பெயர் அலை என்று பொருள்படும் 'வில்னிஸ்' என்ற சொல்லோடு சேர்ந்தது.

நமக்கு நெருக்கமான பொறியும் உண்டு. இந்தியில் கம்பளிக்கு 'ஊன்'. தமிழில் ஊன் என்றால் இறைச்சி. ஆடு ஒன்றுதான், அதன் மேலே ஒரு ஊன், உள்ளே ஒரு ஊன் என்று யாராவது கவிதை எழுதலாம். சொல்வரலாறு எழுத முடியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஒன்றுபோல ஒலிப்பது உறவுக்குச் சான்று ஆகாது. அப்படியானால் எது சான்று?

பெங்களூரில் பால் வாங்கும்போது

பெங்களூரில் ஒரு வாரம் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நம் பால் அங்கே ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பூ, ஹூ. நாம் 'போ' என்று தொடங்கும் இடத்தில் அவர்கள் 'ஹோ' என்று தொடங்குகிறார்கள். ஒன்றிரண்டு சொற்களாக இருந்தால் தற்செயல் எனலாம். சொல்லின் முதலில் நாம் ப வைக்கும் இடத்தில் கன்னடம் ஹ வைக்கிறது என்பது வரிசை வரிசையாக வருகிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கேயும் ப இருக்கிறது. பிற்காலத்தில்தான் அது ஹ ஆனது.

இப்படி ஒரு மொழியின் ஓர் ஒலி இன்னொரு மொழியின் குறிப்பிட்ட ஓர் ஒலியோடு, பல சொற்களில், ஒரே மாதிரி பொருந்தி வருவதை ஒலி இணைவு என்போம். சொல்லாராய்ச்சியில் உண்மையான சாட்சி இதுதான். சாயல் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும். பத்தும் ஹத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இப்படிப் பொது மூதாதையிடமிருந்து இரு மொழிகளுக்கும் இறங்கி வந்த சொற்களுக்கு இனச்சொற்கள் என்று பெயர்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள், பின்னால் உதவும். 'புஸ்தக' கன்னடத்தில் 'ஹுஸ்தக' ஆகவில்லை. அது கடனாக வந்த சொல். ப ஹ ஆகும் அலையில் அது அடித்துச் செல்லப்படவில்லை. ஆக, ஒரு சொல் எந்த ஒலி மாற்றத்தில் நனைந்திருக்கிறது, எதில் நனையவில்லை என்று பார்த்தால், அது சொந்தமா கடனா, முன்னே வந்ததா பின்னே வந்ததா என்று ஊகிக்க வழி கிடைக்கிறது.

பௌர்ணமியும் கம்பளியும்

இனி கம்பளிக்கு வருவோம். வடமொழியில் கம்பளிக்கு 'ஊர்ணா'. இந்தியின் 'ஊன்' அதன் தேய்வுதான். சிலந்திக்கு வடமொழியில் 'ஊர்ணநாபி' என்று ஒரு பெயர் உண்டு. தொப்புளில் கம்பளி வைத்திருப்பது என்று பொருள். முண்டக உபநிடதத்தில் இந்தச் சிலந்தி வருகிறது. லிதுவேனியத்தில் 'வில்னா' என்று பார்த்தோம். ஆங்கிலத்தில் 'வுல்'. ஆங்கிலத்தின் பழைய உறவான, இப்போது வழக்கொழிந்த கோத்திக் மொழியில் 'வுல்லா'.

ஊர்ணாவும் வுல்லும் காதுக்கு ஒன்றாகவா கேட்கின்றன? இல்லவே இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு வரிசையை வையுங்கள். வடமொழியில் 'பூர்ண', நாம் பூரணம் என்றும் பௌர்ணமி என்றும் அறிந்த சொல். நிறைந்தது என்று பொருள். அதே பொருளில் லிதுவேனியத்தில் 'பில்னஸ்'. ஆங்கிலத்தில் 'ஃபுல்'.

பூர்ண, பில்ன், ஃபுல்.
ஊர்ணா, வில்னா, வுல்.

இரண்டு வரிசையையும் மேலும் கீழுமாக வாசித்துப் பாருங்கள். வடமொழி 'ஊர்ண்' என்னும் இடத்தில் லிதுவேனியம் 'இல்ன்' என்கிறது, ஆங்கிலமும் கோத்திக்கும் 'உல்' என்கின்றன. இரண்டு சொல்லிலும் ஒரே ஒழுங்கு. வடமொழி கம்பளியில் முதலில் இருந்த வ் மட்டும் ஊகாரத்தோடு கரைந்துவிட்டது. நிறைவுக்கும் கம்பளிக்கும் பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை. ஒலியில்தான் ஒரே அச்சு. பெங்களூர்ப் பால் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது.

லத்தீனும் இந்தக் குடும்பந்தான். அங்கே கம்பளிக்கு 'லானா'. சருமக் கிரீம் டப்பாக்களில் 'லனோலின்' என்று போட்டிருப்பார்களே, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகு, அந்தப் பெயரில் இருப்பது இந்த லானாதான்.

வட இந்திய மொழிகளில் பெரும்பாலானவை தொடங்கி ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகள் வரை விரிந்த இந்தக் கூட்டத்தை இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்கிறோம். 1822இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த ஒழுங்குகளில் முக்கியமான சிலவற்றைத் தெளிவாக எழுதி வைத்தார். மற்ற மொழிகளின் ப, ஆங்கிலமும் கோத்திக்கும் ஸ்வீடிஷும் சேர்ந்த ஜெர்மானியக் கிளை மொழிகளில் ஃப ஆகும் (பூர்ண, ஃபுல், பிதா, ஃபாதர்). மற்றவற்றின் ஒலிப்புடைய ப, அதாவது 'பஸ்'ஸில் வரும் ப, அங்கே வெறும் ப ஆகும். இந்த இரண்டாவது விதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், சட்டைக்கு வரும்போது வேண்டும்.

சுருக்கமாக: ஊர்ணா, வில்னா, வுல், லானா நான்கும் இனச்சொற்கள். அவற்றைச் சேர்ப்பது ஒலிகளின் ஒழுங்கு.

உறவா, கடனா?

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். பின்னிஷ் இந்தோ-ஐரோப்பிய மொழியே அல்ல. அது யூராலிக் என்ற வேறு குடும்பம். எஸ்தோனியம் அதன் நெருங்கிய உறவு, ஹங்கேரியம் தூரத்து உறவு. பக்கத்து வீடான ஸ்வீடிஷுக்கும் பின்னிஷுக்கும் உள்ள இடைவெளி கன்னடத்துக்கும் மராத்திக்கும் உள்ளதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: எல்லை தொட்டுக்கொள்ளும், குடும்பம் வேறு.

அப்படியிருக்க 'வில்லா' எப்படி வில்னாவைப் போல இருக்கிறது? கடன்சொல். ஒரு மொழி இன்னொரு மொழியிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். நம் ஜன்னலும் சாவியும் மேசையும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்ததால் நாம் போர்ச்சுகலுக்குச் சம்பந்தி ஆகிவிடவில்லை. இனச்சொல் ரத்த உறவு; கடன்சொல் கொடுக்கல் வாங்கல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் நம் ஊர் விவாதங்களில் பாதி வீணாகிறது.

கடன் என்றால் யாரிடம் வாங்கிய கடன்? ஸ்வீடிஷ்காரர்கள் பல நூற்றாண்டுகள் பின்லாந்தை ஆண்டவர்கள், அவர்களிடம்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லலாம். இங்கே ஓர் உயிரெழுத்து துப்புக் கொடுக்கிறது. ஸ்வீடிஷ், ஆங்கிலம், கோத்திக் முதலான ஜெர்மானியக் கிளையின் பழைய வடிவங்களில் எல்லாம் 'உ' இருக்கிறது. ஸ்வீடிஷில் கம்பளி 'உல்'. அங்கிருந்து எடுத்திருந்தால் பின்னிஷில் உகரமோ அதன் சாயலோ இருக்க வேண்டும். இருப்பதோ 'இ'. கம்பளிச் சொல்லில் இகரம் வைத்திருந்து, பின்னிஷின் முன்னோருக்குப் பக்கத்திலும் இருந்த கிளை பால்டிக் கிளை: லிதுவேனியமும் லாத்வியமும் சேர்ந்தது. இரண்டிலும் கம்பளி 'வில்னா'.

இதற்கு எதிர்ப்பக்கச் சோதனையும் இருக்கிறது. வடக்கே லாப்லாந்துப் பகுதியில் மான் மேய்க்கும் சாமி மக்களின் மொழியும் யூராலிக்தான், பின்னிஷுக்கு உறவு. வட சாமியில் கம்பளிக்கு 'உல்லு'. அவர்கள் நார்டிக் அண்டையாரிடம் வாங்கினார்கள், உகரத்தோடு வாங்கினார்கள். ஒரே பொருள், ஒரே குடும்பத்தின் இரண்டு மொழிகள், வேறு வேறு கடைகள். எந்தக் கடையில் வாங்கியது என்று உயிரெழுத்தே பில் போட்டுக் கொடுத்திருக்கிறது.

சரி, வில்னாவில் இருந்த ன் எங்கே? பின்னிஷ் அதை ல் ஆக்கிவிட்டது. இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது பாட்டி கதை. இன்னொரு சொல்லிலும் அதே மாதிரி நடந்ததா என்று காட்டினால்தான் பட்டா. நடந்திருக்கிறது. லிதுவேனியத்தில் உறைபனிக்கு 'ஷல்னா'. பின்னிஷில் பயிரைக் கருக்கும் இரவுப் பனிக்கு 'ஹல்லா'. ல்ன், ல்ல் ஆகியிருக்கிறது. கூடவே ஷ, ஹ ஆகியிருக்கிறது. அந்த ஷ–ஹ மாற்றத்துக்கும் துணை உண்டு: வைக்கோலுக்கு லிதுவேனியத்தில் 'ஷியெனஸ்', பின்னிஷில் 'ஹெய்னா'.

கன்னடத்துப் 'புஸ்தக' கதையை இங்கே திருப்பிப் போடுங்கள். ஹல்லாவும் ஹெய்னாவும் ஷ ஹ ஆன அலையில் நனைந்திருக்கின்றன. அப்படியானால் அந்த அலை அடிக்கும் முன்பே அவை மொழிக்குள் வந்துவிட்டன. அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வந்த வில்லாவும் பழையதுதான். 2000 ஆண்டுகளுக்கும் மேல், பின்னிஷும் எஸ்தோனியமும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பு. எஸ்தோனியத்தில் கம்பளி 'வில்' என்றிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இந்தக் கடன்களைப் பெரிய அளவில் முறையாக ஆராய்ந்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன். 1869இல் பின்னிஷின் ஜெர்மானியக் கடன்களைப் பற்றியும் 1890இல் பால்டிக் கடன்களைப் பற்றியும் நூல் எழுதினார். நடுவாசியாவின் பழந்துருக்கிக் கல்வெட்டுகளை முதலில் படித்துக் காட்டியவரும் இவர்தான். ஒரு மனிதருக்கு இவ்வளவு போதாதா என்று தோன்றும்.

எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. பால்டிக்கிலிருந்து பின்னிஷ் எடுத்த சொற்களில் வேறு என்னென்ன இருக்கின்றன? கிடா ஆட்டுக்கு 'ஒய்னஸ்' (லிதுவேனியத்தில் 'அவினஸ்'). மேய்ப்பனுக்கு 'பைமென்' (லிதுவேனியத்தில் 'பியெமுவோ'). வெள்ளாட்டுக்கான சொல்லும் அங்கிருந்துதான். வைக்கோலை ஏற்கெனவே பார்த்தோம். கிடா, மேய்ப்பன், வெள்ளாடு, வைக்கோல், கம்பளி: ஒரு பட்டியே கிளம்பி வந்திருக்கிறது. வேட்டையும் மீன்பிடிப்பும் தெரிந்திருந்த மக்களுக்கு ஆடு வளர்ப்பில் பெரும்பகுதி பால்டிக் அண்டையாரிடமிருந்து வந்தது என்று இந்தச் சொற்களைக் கொண்டே ஊகிக்கிறார்கள். ஒரு பொருள் வரும்போது அதன் பெயரும் கூடவே வரும். நம் ஊருக்கு அலமாரி வந்தபோது அதன் போர்ச்சுகீசியப் பெயரும் ஒட்டிக்கொண்டே வந்ததைப் போல.

சட்டையின் பழைய முகவரி

இரண்டாவது பாதி, 'பைத்தா'. இது வேறு கடை, ஜெர்மானியர் கடை.

கோத்திக் மொழியில் 'பைதா' என்று ஒரு சொல் இருந்தது. உடலோடு ஒட்டிய உள் அங்கி. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோத்திக்கில் மொழிபெயர்த்தார். அதில் எஞ்சியிருப்பதன் பெரும்பகுதியைக் காக்கும் வெள்ளி எழுத்துச் சுவடி இன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. மத்தேயு 5:40இல், உன்னோடு வழக்காடி உடையை எடுத்துக்கொள்ள வருகிறவனுக்கு மேலாடையையும் விட்டுவிடு என்று வருகிற இடத்தில், எடுக்க வரும் உடை பைதா. விட்டுக்கொடுக்கும் மேலாடை 'வஸ்த்யா'. நம் பழைய தமிழ் பைபிளில் இதே வசனத்தில் முதலாவது உடை வஸ்திரம், இரண்டாவது அங்கி. கோத்திக் வஸ்த்யாவும் வடமொழி வஸ்திரமும் இனச்சொற்கள்! ஒரே வசனத்துக்குள் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சட்டைச் சொல் 'பாட்' என்று இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் கிராமத்துப் பேச்சில் சட்டைக்கு 'ப்ஃபோவட்' என்கிறார்கள். இந்த வடிவங்களை எல்லாம் ஒலி விதிகளின்படி பின்னோக்கி நடத்திப் போனால் '*பைதோ' என்ற மூல வடிவம் கிடைக்கிறது. முன்னால் உள்ள உடுக்குறி, 'இது எங்கும் எழுதப்பட்டுக் கிடைத்ததல்ல, கணக்குப் போட்டு எடுத்தது' என்று அறிவிக்கிறது. இப்படி எடுப்பதற்கு மீட்டுருவாக்கம் என்று பெயர். பின்னிஷில் பழைய காலத்தில் ஒலிப்புடைய த் கிடையாது, நம் எழுத்தில் த ஒன்றே இருப்பதைப் போல. ஆகவே பைதோ, பைத்தா ஆனது.

பின்னிஷ் இந்த விஷயத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. வாங்கிப் போட்டதைக் கெடாமல் வைத்திருக்கும். அரசனுக்குப் பழைய ஜெர்மானிய வடிவம் '*குனிங்கஸ்' என்று மீட்டெடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது தேய்ந்து 'கிங்', ஸ்வீடிஷில் 'குங்'. பின்னிஷில் இன்றைக்கும் 'குனிங்கஸ்', வாலோடு அப்படியே. ஆட்டுக்குப் பின்னிஷில் 'லம்மஸ்'. இதுவும் ஜெர்மானியக் கடன், ஆங்கில 'லாம்ப்' இதன் தேய்ந்த உறவு. நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு: டச்சுக்காரர்களின் 'டௌட்' என்ற செப்புக்காசு அவர்கள் நாட்டிலேயே செல்லாக்காசாகிப் பல காலம் ஆகிவிட்டது; நம் வாயில் துட்டு இன்னும் புழங்குகிறது.

பைதோவின் கதை அதோடு நிற்கவில்லை. அதன் முதல் எழுத்தே சந்தேகத்துக்குரியது. தமிழில் ட, ர, ல மொழிமுதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. டப்பா, ரயில், லாரி என்று ஒரு சொல்லைக் கண்டதும் இது வெளியூர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? பழைய ஜெர்மானியத்தில் ப-வில் தொடங்கும் சொற்களுக்கும் ஏறக்குறைய அந்த நிலைமை. கிரிம் சொன்ன விதிப்படி மூதாதை மொழியின் ப எல்லாம் ஃப ஆகிப் போய்விட்டது. அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டியது 'பஸ்' ப. அதுவோ மூதாதை மொழியில் மிக அரிது. ஆகவே ப-வில் தொடங்கும் ஜெர்மானியச் சொல் என்றால் அறிஞர்கள் உடனே அடையாள அட்டை கேட்பார்கள்.

பைதோவிடம் கேட்டபோது கை காட்டியது கிரேக்கத்தை. அங்கே 'பைத்தே' (பஸ்ஸின் ப) என்றால் இடையர் போர்த்திக்கொள்ளும் தோல் அங்கி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். 'பஸ்' ப வெறும் ப ஆகும் என்ற விதிப்படி கிரேக்க வடிவமும் ஜெர்மானிய வடிவமும் பொருந்துகின்றன. ஆகவே அந்த ஒலி மாற்றம் நடப்பதற்கு முன்பே ஜெர்மானியர் இதை வாங்கியிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். கிரேக்கரிடமிருந்து நேராக வந்ததா, இருவருமே மூன்றாவது ஒரு மொழியிடமிருந்து, ஒருவேளை கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த திரேசியரிடமிருந்து, வாங்கினார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

எப்படியானாலும் பயணத்தைப் பாருங்கள். தெற்கே இடையனின் தோல் அங்கி. ஜெர்மானியரிடம் துணி அங்கி. பால்டிக் கடலைத் தாண்டிப் பின்லாந்தில் சட்டை. போகிற வழியில் தோல் துணியாக மாறிவிட்டது. சொல் ஒன்றாக இருந்து பொருள் நகர்வது சாதாரணம். 'ஸ்வெட்டர்' என்பதே முதலில் வியர்க்க வைப்பதற்காக உடற்பயிற்சியின்போது போட்ட உடை. ஊட்டியில் நடுங்கிக்கொண்டு அதைப் போடுகிற யாரும் வியர்வையை நினைப்பதில்லை.

சொல்லின் வயது வேறு, பொருளின் வயது வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. வில்லாவும் பைத்தாவும் 2000 ஆண்டுப் பழமை என்றால், அப்போதே பின்லாந்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்கள் என்று பொருளல்ல. இரு ஊசி கொண்டு பின்னுகிற கலை வட ஐரோப்பாவுக்கு வெகு பிந்தி வந்தது. அதற்கு முன்பு நெய்த கம்பளித் துணியும், ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்த கையுறைகளும்தான். வில்லாபைத்தா என்ற கூட்டுச் சொல் பழைய செங்கல்லை வைத்துக் கட்டிய புது வீடு.

அந்தப் புது வீட்டில் அழகானதொன்று, பின்லாந்தின் மேற்குக் கரையில் கோர்ஸ்னேஸ் என்ற ஊரின் ஸ்வெட்டர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து தெரிய வருவது. சிவப்பு மேலோங்கிய பட்டைகள். அதில் ஒரு பகுதி ஊசிப் பின்னல், ஒரு பகுதி குரோஷே என்னும் கொக்கிப் பின்னல். வேடிக்கை என்னவென்றால் கோர்ஸ்னேஸ் ஸ்வீடிஷ் பேசும் ஊர். இன்று பின்லாந்தின் பெருமையாகக் காட்டப்படும் இந்த வில்லாபைத்தாவைப் பின்னிய பெண்கள் அதை வில்லாபைத்தா என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தமிழும் பின்னிஷும்?

இந்தக் கேள்வி எப்படியும் வரும், அதனால் நானே எடுத்துவிடுகிறேன். 'கம்பளிச் சட்டையில்' என்பதைப் பின்னிஷில் ஒரே சொல்லாக 'வில்லாபைதஸ்ஸா' என்பார்கள். ஸ்ஸா என்பது நம் 'இல்' உருபைப் போல வாலில் ஒட்டுகிறது. த் கூட நம்மைப் போலவே மெலிந்து ஒலிக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத் தமிழும் பின்னிஷும் சொந்தம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் அந்தத் திசையில் கை காட்டியவர்தான். ஆனால் உருபை ஒட்டுவது ஒரு கட்டுமானப் பாணி. துருக்கியமும் ஒட்டுகிறது, ஜப்பானியமும் ஒட்டுகிறது. ஓட்டு வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் ஒரே குலம் ஆகிவிடுவார்களா? பால்–ஹாலு போல, பூர்ண–பில்ன் போல வரிசையான ஒலி இணைவைத் தமிழுக்கும் பின்னிஷுக்கும் இடையே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும்படி யாரும் காட்டவில்லை. காட்டினால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, அந்த மொழியில் சொந்தச் சரக்கே இல்லையா என்று கேட்பவர்களுக்கு. ஹங்கேரியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். குளிர்காலத்துக்குப் பின்னிஷில் 'தல்வி', ஹங்கேரியத்தில் 'தேல்'. பனிக்கட்டிக்குப் பின்னிஷில் 'யா', ஹங்கேரியத்தில் 'யேக்'. இவை யூராலிக் மூதாதையிடமிருந்தே வந்த இனச்சொற்கள். குளிர் அவர்களுடையது, அதைத் தாங்கும் சட்டைதான் வெளியிலிருந்து வந்தது. உடையிலும் சொந்தமாக ஒன்று இருக்கிறது, இடுப்பு வார். பின்னிஷில் அது 'வ்யொ', ஹங்கேரியத்தில் 'ஒவ்'. வில்லாபைத்தாவைப் போட்டுக்கொண்டு அதன்மேல் ஒரு வாரை இறுக்கிக் கட்டினால், அந்த வாருக்கு மட்டும் யாரிடமும் கடன் இல்லை.